பூச்சி மருந்தும் அன்றாடப் பழக்கங்களும்

பயிரில் புழு தென்பட்டதும் "மருந்து அடிக்க வேண்டும்" என்று சொல்வது நம் கிராமங்களில் வழக்கம். கடையில் கேட்பதும் "கத்தரிக்கு நல்ல மருந்தாகக் கொடுங்கள்" என்றுதான். காய்ச்சலுக்குக் குடிப்பதும் மருந்து. புழுவைக் கொல்வதும் மருந்து. இரண்டுக்கும் ஒரே சொல் இருப்பதால் கையும் இரண்டையும் ஒரே மாதிரி எடுத்து உபயோகிக்கிறது. மூடியில் ஊற்றி அளப்பது, விரலில் பட்டதை வேட்டியில் துடைப்பது, காலிப் புட்டியைக் கழுவி வைத்துக் கொள்வது எல்லாம் இருமல் மருந்துக்குச் சரி. பூச்சி மருந்துப் புட்டியில் இருப்பதோ விஷம்.

பூச்சி மருந்தால் ஆபத்து என்றால் அதைக் குடித்தவர்கள்தான் நம் நினைவுக்கு வருகின்றனர். ஆனால் தெளிப்பவர் உடலுக்குள் மருந்து செல்லும் முக்கிய வழி வாய் அன்று, தோல்தான். புண்ணோ காயமோ இருக்க வேண்டும் என்பதில்லை. நல்ல தோல் வழியாகவே மருந்து உள்ளே இறங்கும். வியர்வையில் நனைந்த தோல் என்றால் இன்னும் எளிதாக இறங்கும்.

உடலின் எல்லா இடத்துத் தோலும் ஒரே அளவில் மருந்தை உறிஞ்சுவதில்லை. பாரத்தியான் என்ற பூச்சி மருந்தை வைத்து மனிதர்களிடம் நடத்திய ஆய்வு ஒன்று இதைத் தெளிவாகக் காட்டியுள்ளது. முன்கைத் தோல் உறிஞ்சும் அளவை ஒரு பங்கு எனக் கொண்டால், வயிற்றுத் தோல் 2 பங்கும், நெற்றி 4 பங்கும், விதைப்பைத் தோல் ஏறத்தாழ 12 பங்கும் உறிஞ்சுகின்றன. கையில் பட்டதைப் பற்றிக் கவலைப்படுகிறவர், டேங்கிலிருந்து கசிந்து இடுப்பு வேட்டியை நனைத்த மருந்தைப் பற்றிக் கவலைப்படுவதில்லை. கவலைப்பட வேண்டிய இடம் அதுதான்.

ஓர் ஏக்கர் கத்தரிக்குக் கைத்தெளிப்பானில் மருந்து அடிக்க ஏறத்தாழ 200 லிட்டர் கரைசல் தேவைப்படும். 10 லிட்டர் டேங்க் என்றால் 20 முறை நிரப்ப வேண்டும். அதாவது 20 முறை புட்டியைத் திறக்கிறோம். 20 முறை அளக்கிறோம். 20 முறை டேங்கைத் தூக்கி முதுகில் மாட்டுகிறோம். ஒவ்வொரு முறையும் சிறிது சிந்தினாலும் நாள் முடிவில் அது பெரிய அளவாகி விடும். ஆகவே அந்த ஒரு நாளில் நம் பழக்கங்கள் எப்படி இருக்கின்றன என்பதைக் காலையிலிருந்து இரவு வரை பார்ப்பது பயன் தரும்.

அளக்கும்போது

"ஒரு டேங்குக்கு இரண்டு மூடி" என்பது பல ஊர்களில் கணக்கு. மூடியின் அளவு கம்பெனிக்குக் கம்பெனி மாறும். ஒரு மருந்துக்குச் சரியான மூடி அளவு அடுத்த மருந்துக்கு இரட்டிப்பாகி விடலாம். மேலும், மூடியில் ஊற்றும்போது விரலில் படாமல் இருக்காது. புட்டியில் இருப்பது தண்ணீர் கலக்காத கெட்டி மருந்து. தெளிக்கும் கரைசலைவிடப் பல நூறு மடங்கு வீரியம் உள்ளது. நாள் முழுவதும் தெளிப்பதில் உள்ள ஆபத்தைவிட, அளந்து கலக்கும் சில நிமிடங்களில் உள்ள ஆபத்து அதிகம் என்று சொல்லலாம்.

மி.லி. கோடு போட்ட அளவுக் குவளை ஒன்றை இதற்கென்றே வைத்துக் கொள்ள வேண்டும். லிட்டருக்கு 2 மி.லி. என்று சிபாரிசு இருந்தால் 10 லிட்டர் டேங்குக்கு 20 மி.லி. போதும். அளக்கும்போதும் கலக்கும்போதும் ரப்பர் கையுறை அணிவது அவசியம். கையுறை கிடைக்காதபோது கெட்டியான பிளாஸ்டிக் பையைக் கையில் மாட்டி மணிக்கட்டில் கட்டிக் கொள்ளலாம். கையை விட்டுக் கலக்கவே கூடாது; நீளமான குச்சி ஒன்று போதும். வீட்டு வாளியை இதற்கு எடுக்கக் கூடாது. மருந்துக்கென உள்ள வாளியின் பிடியில் சிவப்புத் துணி கட்டி அடையாளம் செய்து வைத்தால் அது தவறிக்கூட அடுப்படிக்குச் செல்லாது.

புட்டியின் மேல் உள்ள சாய்சதுரக் குறியைப் பார்ப்பதும் ஒரு பழக்கமாக வேண்டும். அதன் கீழ்ப் பாதியில் உள்ள வண்ணம் மருந்தின் கடுமையைச் சொல்கிறது. சிவப்பு மிகக் கொடிய விஷம், மஞ்சள் அதற்கு அடுத்தது, நீலம் நடுத்தரம், பச்சை குறைந்த விஷம் உள்ளது. பச்சை என்பதற்காகக் கவனக் குறைவாக இருந்து விடக் கூடாது. பெட்டிக்குள் இருக்கும் துண்டுப் பிரசுரத்தில் எழுத்து பொடியாக இருக்கும். பள்ளிக்குச் செல்லும் பிள்ளையிடம் அந்தத் தாளை மட்டும் கொடுத்துப் படிக்கச் சொல்லிக் கேட்டுக் கொள்ளலாம். எந்தப் பயிருக்கு, எவ்வளவு, தெளித்த பின் எத்தனை நாள் கழித்து அறுவடை என்ற மூன்றையும் கேட்டுக் கொள்வது முக்கியம்.

தெளிக்கும்போது

காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்று பார்த்து, மருந்து நம்மை விட்டு விலகிச் செல்லும்படி நின்று தெளிக்க வேண்டும். தெளித்து நனைந்த செடிகளுக்குள் புகுந்து நடக்காதபடி நடையை அமைத்துக் கொள்ள வேண்டும். உச்சி வெயிலில் தெளித்தால் வியர்வை பெருகும். கட்டிய துணியையும் அவிழ்த்துப் போடத் தோன்றும். காலையிலோ மாலையிலோ தெளிப்பது நல்லது. பயிர் பூத்திருக்கும் சமயத்தில் மாலை நேரமே ஏற்றது. தேனீக்கள் அதற்குள் கூட்டுக்குத் திரும்பியிருக்கும்.

பயிர் ஆள் உயரம் வளர்ந்திருந்தால் ஆபத்து பல மடங்கு ஆகும். 2017ஆம் ஆண்டு மகாராஷ்டிர மாநிலம் யவத்மால் மாவட்டத்தில் பருத்திக்கு மருந்து அடித்தவர்களில் 20க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். பல நூறு பேர் ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டனர். அவர்கள் மருந்தைக் குடித்தவர்கள் அல்லர், தெளித்தவர்கள். அந்த ஆண்டு பருத்தி வழக்கத்தைவிட உயரமாக வளர்ந்திருந்தது. முகத்துக்கு மேலே தெளித்த மருந்து தெளித்தவர்கள் மீதே இறங்கியது. பல மருந்துகளை ஒன்றாகக் கலந்து தெளித்ததும், பாதுகாப்பு உடை இல்லாததும் சேர்ந்து கொண்டன. நம் பக்கத்தில் பருத்திக்கும் மக்காச்சோளத்துக்கும் மருந்து அடிப்பவர்கள் இதை மறக்கக் கூடாது.

வெளிநாட்டுப் படங்களில் காண்பது போன்ற முழுக் கவச உடை நம் வெயிலுக்கு ஒத்து வராது. அதற்காக வெற்று உடம்போடு நிற்க வேண்டியதும் இல்லை. பழைய முழுக்கைச் சட்டை, முழுக்கால் சட்டை, தலைக்குத் தொப்பி, கையுறை, மூக்கையும் வாயையும் மூடும் முகக் கவசம் ஆகியவை இருக்க வேண்டும். இவற்றோடு உரச் சாக்கின் உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் பையைக் கழுவிக் காயவைத்துக் கிழித்து, டேங்குக்கும் முதுகுக்கும் இடையில் ஒரு துண்டும், இடுப்பிலிருந்து முழங்கால் வரை ஒரு துண்டும் கட்டிக் கொண்டால் கசிவு உடலில் படாது. முதல் வேலையாக, டேங்கில் வெறும் தண்ணீர் ஊற்றி அடித்துப் பார்த்து, கசியும் வாசரை மாற்றி விட வேண்டும். சில ரூபாய் வாசரை மாற்றாத பழக்கம் பலரைக் கெடுத்திருக்கிறது.

தெளிப்பு முனை அடைத்துக் கொண்டால் அதைக் கழற்றி வாயில் வைத்து ஊதுவது எல்லா ஊரிலும் காணப்படும் பழக்கம். இதைவிட நேரடியாக விஷம் அருந்தும் முறை வேறில்லை. தென்னை ஈர்க்கு அல்லது பழைய பல் துலக்கும் பிரஷ் ஒன்றைச் சட்டைப் பையில் வைத்திருந்தால் அடைப்பை எடுத்து விடலாம். கம்பியால் குத்தினால் துளை பெரிதாகி மருந்தும் வீணாகும்.

துண்டும் வெற்றிலையும்

தோளில் கிடக்கும் துண்டு நம் விவசாயியின் கூடவே பிறந்தது போன்றது. மருந்து அடிக்கும்போது அதுவே முகக் கவசம். அதுவே வியர்வை துடைக்கும் துணி. கை துடைப்பதும் அதில்தான். மருந்துத் துளிகள் ஊறிய அந்தத் துண்டால் நெற்றியைத் துடைக்கிறோம். நெற்றி 4 பங்கு உறிஞ்சும் என்பதை மேலே கண்டோம். மாலையில் வீடு திரும்பியதும் ஓடி வரும் குழந்தையின் மூக்கைச் சிந்தி விடுவதும் அதே துண்டால்தான். மருந்து அடிக்கும் நாளில் அந்தத் துண்டை வீட்டிலேயே வைத்து விட்டு, வியர்வை துடைக்கச் சுத்தமான வேறு துணியை வரப்பில் தனியாக வைத்துக் கொள்வது நல்லது.

இடையில் ஒரு பீடி, ஒரு வாய் வெற்றிலை, ஒரு சிட்டிகை புகையிலை என்பதும் அப்படியே. கையில் உள்ள மருந்து பீடியின் வழியாக உதட்டுக்கும், வெற்றிலையில் தடவும் சுண்ணாம்பு விரல் வழியாக வாய்க்கும் செல்கிறது. கஞ்சியோ டீயோ குடிப்பதற்கு முன் சோப்புப் போட்டுக் கை, முகம் கழுவ வேண்டும். வெறும் தண்ணீரில் கழுவினால் எண்ணெய்ப் பசையுள்ள மருந்து போகாது. சாப்பாட்டுத் தூக்கும் மருந்துப் புட்டியும் ஒரே பையில் வரக் கூடாது.

தலைவலிக்குக் காரணம் வெயில்தானா?

மருந்து அடித்து விட்டு வந்தவருக்குத் தலைவலி, தலைசுற்றல், வாந்தி உண்டானால் "வெயில் பட்டது", "பித்தம்" என்று சொல்லி, எலுமிச்சம் பழம் பிழிந்து குடித்து விட்டுப் படுத்துக் கொள்வது வழக்கம். வெயிலாகவும் இருக்கலாம். ஆனால் அதிக வியர்வை, வாயில் எச்சில் ஊறுதல், பார்வை மங்குதல், கண்ணின் பாப்பா சுருங்குதல், தசை துடித்தல், மூச்சுத் திணறல் ஆகியவையும் சேர்ந்தால் அது மருந்தின் வேலை. பாஸ்பரஸ் வகை மருந்துகள் நரம்பிலிருந்து தசைக்குச் செல்லும் கட்டளையை முடித்து வைக்கும் கோலினெஸ்டரேஸ் என்ற பொருளை முடக்கி விடுகின்றன. முடங்கியது பழைய நிலைக்குத் திரும்பப் பல வாரங்கள் ஆகும். ஆகவே இன்று லேசாகத் தலை சுற்றியவர் நாளைக்கும், அதற்கு மறுநாளும் தெளித்தால் சிறிய அளவே பெரிய கெடுதல் செய்யும். கூலிக்கு மருந்து அடிப்பவர்கள் ஒரு நிலம் விட்டு மறு நிலம் என்று தினமும் தெளிக்கிறார்கள். அவர்களுக்கு ஆபத்து மிக அதிகம். நிலத்துக்குச் சொந்தக்காரர் கூலி கொடுப்பதோடு கையுறை, சோப்பு, தண்ணீர் மூன்றையும் கொடுப்பது கடமையாகும்.

மருந்து அடிக்கும் முன் பால் குடித்தாலும், அடித்த பின் வெல்லம் தின்றாலும் விஷம் முறிந்து விடும் என்பது உண்மை அன்று. அறிகுறி தென்பட்டால் உடனே நிழலுக்குக் கொண்டு வந்து, உடையைக் களைந்து, சோப்பு நீரால் உடலைக் கழுவி, 108க்குத் தகவல் சொல்ல வேண்டும். சாணிக் கரைசல், உப்புக் கரைசல் கொடுத்து வாந்தி எடுக்கச் செய்யக் கூடாது. வாந்தி மூச்சுக் குழலில் புகுந்து உயிரைப் பறிக்கும். மருந்துப் புட்டியையோ லேபிளையோ கையோடு எடுத்துச் சென்றால்தான் டாக்டர் சரியான முறிவு மருந்தை உடனே கொடுக்க முடியும்.

வாய்க்காலில் கழுவும் டேங்க்

வேலை முடிந்ததும் டேங்கை வாய்க்காலில் முக்கி எடுப்பதும், கிணற்று மேட்டில் வைத்துக் கழுவுவதும் அடுத்த பழக்கம். அங்கே கரையும் மருந்து அங்கேயே நிற்பதில்லை. வாய்க்காலில் மாடு குடிக்கிறது. கீழ்ப்பக்கத்தில் ஒருவர் குளிக்கிறார். அந்தத் தண்ணீர் குளத்தில் சேர்கிறது. சைபர்மெத்ரின் போன்ற பைரித்ராய்டு வகை மருந்துகள் மனிதருக்கு ஓரளவு குறைந்த விஷமானாலும் மீனுக்கு மிகக் கொடியவை. மிகச் சிறிய அளவே மீன்களைக் கொன்று விடும். கிணற்றில் விழுந்த மருந்தோ அந்தக் குடும்பமே குடிக்கும் நீரில் கலக்கிறது.

டேங்கை நிலத்திலேயே கழுவி, கழுவிய நீரை மருந்து அடித்த பயிரிலேயே தெளித்து விட வேண்டும். மருந்தும் வீணாகாது, நீர்நிலையும் கெடாது. கரைசல் மீதியாகாதபடி கடைசி டேங்குக்குத் தேவையான அளவு மட்டும் கலக்க வேண்டும். தெளித்த நிலத்து வரப்பில் மாட்டை மேய விடுவதும், புல் அறுத்துப் போடுவதும் கூடாது. களை எடுக்கும் பெண்களைக் குறைந்தது 24 மணி நேரத்துக்கு அந்த நிலத்தில் இறக்கக் கூடாது. லேபிளில் அதிக நேரம் சொல்லியிருந்தால் அதையே கடைப்பிடிக்க வேண்டும்.

காலிப் புட்டி

வீட்டில் பொருள் வீணாகக் கூடாது என்பது நல்ல குணம். ஆனால் மருந்துப் புட்டி, டின் விஷயத்தில் அந்தக் குணம் உயிருக்கு உலை வைக்கிறது. 2013ஆம் ஆண்டு ஜூலை 16 அன்று பீகார் மாநிலம் சரண் மாவட்டத்தில் ஒரு பள்ளியில் மதிய உணவு சாப்பிட்ட குழந்தைகளில் 23 பேர் இறந்தனர். உணவில் மோனோகுரோட்டபாஸ் என்ற பூச்சி மருந்து கலந்திருந்தது பரிசோதனையில் தெரிந்தது. முன்பு மருந்து இருந்த கொள்கலனில் சமையல் எண்ணெயை வைத்திருந்ததே காரணம் என்று கருதப்பட்டது. எத்தனை முறை கழுவினாலும் பிளாஸ்டிக்கில் ஊறிய மருந்து முழுவதும் போகாது. அந்த மருந்தைக் காய்கறிப் பயிர்களில் உபயோகிக்க 2005லேயே தடை வந்தது. அதன் 36 சதவீதத் திரவத்துக்கு 2023ல் மத்திய அரசு தடை ஆணை பிறப்பித்தது. ஆனாலும் பழைய புட்டி ஏதாவது வீட்டுப் பரணில் கிடக்கிறதா என்று பார்த்து, வேளாண்மை அலுவலரிடம் கேட்டு அப்புறப்படுத்துவது நல்லது.

புட்டி காலியானதும் கால் பாகம் தண்ணீர் ஊற்றி, மூடிக் குலுக்கி, அந்த நீரை டேங்கிலேயே ஊற்ற வேண்டும். இப்படி மூன்று முறை செய்ய வேண்டும். புட்டியில் ஒட்டியிருக்கும் மருந்துக்கும் பணம் கொடுத்திருக்கிறோம் அல்லவா? பிறகு அடிப்பாகத்தில் ஆணியால் துளையிட்டு, யாரும் எடுத்து உபயோகிக்க முடியாதபடி செய்து, வீடு, கிணறு, வாய்க்கால் ஆகியவற்றிலிருந்து தள்ளிப் புதைக்க வேண்டும். 1971ஆம் ஆண்டுப் பூச்சிமருந்து விதிகளும் உடைத்துப் புதைக்கும்படியே கூறுகின்றன. குப்பையோடு போட்டுக் கொளுத்தினால் நச்சுப் புகை வீட்டுக்குள்ளேயே வரும்.

வீட்டுக்குள்

தெளித்த உடையோடு வீட்டுக்குள் போய்த் திண்ணையில் உட்கார்ந்து, குழந்தையைத் தூக்கிக் கொஞ்சக் கூடாது. கையுறையைக் கழுவிய பிறகே கழற்ற வேண்டும். உடனே சோப்பும் தண்ணீரும் கொண்டு தலை முதல் கால் வரை குளித்து, மாற்றுடை அணிய வேண்டும். கழற்றிய துணியை வீட்டு அழுக்குத் துணியோடு சேர்க்கக் கூடாது. அதைத் தெளித்தவரே சோப்பு நீரில் ஊறவைத்து, கையுறையோடு இரண்டு முறை அலசி, வெயிலில் காயப் போடுவது முறை. அலசிய நீரைக் கிணற்றடியில் ஊற்றக் கூடாது. மருந்தைத் தொடாத மனைவிக்கும் மருந்து சேர்வது இந்தத் துணி துவைப்பதில்தான். கர்ப்பிணிகளும் பால் கொடுக்கும் தாய்மார்களும் அந்தத் துணியைத் தொடவே கூடாது.

மீதி மருந்தை அதன் சொந்தப் புட்டியிலேயே வைத்துப் பூட்ட வேண்டும். சோடா பாட்டிலிலோ எண்ணெய்ப் பாட்டிலிலோ மாற்றக் கூடாது. பூட்டுவது குழந்தைகளுக்காக மட்டும் அன்று. ஒரு நொடிக் கோபத்திலும் மன வேதனையிலும் கைக்கெட்டிய புட்டி எத்தனையோ குடும்பங்களின் விளக்கை அணைத்திருக்கிறது. பூட்டிய பெட்டியின் சாவியைத் தேடும் நேரத்திற்குள் மனம் மாறி விடும்.

டேங்கை நிரப்பும் முன்

எல்லாவற்றுக்கும் மேலான பாதுகாப்பு, தேவையில்லாத டேங்கை நிரப்பாமல் இருப்பதுதான். பக்கத்து நிலத்தில் அடிக்கிறார்கள் என்பதற்காக அடிப்பதும் ஒரு பழக்கமே. கத்தரியில் நுனி வாடிய தண்டுகளை வாரந்தோறும் கிள்ளி எடுத்து அழித்து, துளை விழுந்த காய்களைப் பொறுக்கி, ஏக்கருக்கு 5 இனக்கவர்ச்சிப் பொறி வைத்தால் தண்டு, காய்ப் புழுவின் பெருக்கம் குறையும். ஆரம்ப நிலையில் 5 சதம் வேப்பங்கொட்டைச் சாறு தெளிக்கலாம். ஏக்கருக்கு 10 கிலோ வேப்பம் பருப்பை இடித்து, 20 லிட்டர் நீரில் இரவு முழுவதும் ஊறவைத்து, வடிகட்டி, 200 லிட்டராக்கி, சிறிது சோப்புக் கரைசல் சேர்த்து மாலையில் தெளிக்க வேண்டும். இவற்றுக்குக் கட்டுப்படாதபோது மட்டும் சிபாரிசு செய்த மருந்தை, சிபாரிசு செய்த அளவில் உபயோகிக்கலாம். குறித்த நாள் கழியும் முன் காயைப் பறித்துச் சந்தைக்கு அனுப்பக் கூடாது. அந்தக் காய் நம் வீட்டுக் குழம்பிலும் வேகும்.

இங்கே சொன்னவற்றுள் பெரும்பாலானவற்றுக்குப் பெரிய செலவு இல்லை. ஈர்க்கு தோப்பில் கிடக்கிறது. பிளாஸ்டிக் பை உரச் சாக்கில் இருக்கிறது. குச்சி வேலியில் இருக்கிறது. மாற வேண்டியது கைப்பழக்கம்தான். விவசாய அன்பர்கள் அடுத்த முறை மருந்து அடிக்கச் செல்லும்போது, டேங்கைத் தோளில் ஏற்றும் முன், ஒரு சோப்புக் கட்டியையும் ஒரு குடம் தண்ணீரையும் வரப்பில் வைத்து விட்டு நிலத்தில் இறங்குவார்களாக.